என் பேரில் ஒரு புள்ளி பாக்கி

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் சொரிமுத்து. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எத்தனையோ பேர் செய்தார்கள், ஆனால் வரிசையில் தலை அவன்தான். என் தங்கை பேச்சியம்மாளைக் கட்டியவன். மேலக்கொம்பையில் மாவு மில் வைத்திருக்கிறான். கூடவே கொம்பையா, வெள்ளத்துரை என்று இரண்டு தம்பிகள். ஆண்டவன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு புத்தியைக் கொடுத்தான். அதை யார் வைத்துக்கொள்வது என்று மூவரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பார்த்துக்கொண்டே நின்றதில், அது பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

சொரிமுத்து மகள் தங்கபுஷ்பத்துக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். நான் புது வேட்டி கட்டி, மடியைத் தயார் பண்ணி உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்து, "பிள்ளை ஆடாமப் பார்த்துக்கோங்க" என்றார். சொரிமுத்து யோசித்தான். மனுஷன் மடி மூச்சு விட்டால் ஆடும். நாற்காலி மூச்சு விடாது. பிள்ளையை நாற்காலியில் வைத்துத் துண்டால் கட்டிவிட்டான். காது குத்தியாயிற்று. ஊரே சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. என் மடி காலியாகவே இருந்தது.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. என் பேரைக்கூட அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பேச்சி மட்டும் கொல்லைப்புறமாக வந்து என் வீட்டில் ஒரு வாய் காபி குடிப்பாள். அவள் பிறந்ததிலிருந்து நான் அவளுக்கு வெறும் அண்ணன்தான், பேர் சொன்னதே கிடையாது. அந்த வீட்டுச் சங்கதியெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். மீதியை என் கண்ணாலேயே பார்க்கும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது.

தங்கபுஷ்பம் வளர்ந்து, படித்து, சென்னையில் வேலைக்குப் போனாள். காலேஜில் வைத்திருந்த கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அப்புறம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணச் சமாச்சாரம் எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைக்கலாம், அதற்கு முன்னால் டவுனிலிருந்து ஜெபராஜைக் கூப்பிட்டுப் பாதுகாப்புப் பண்ணிவிடுங்கள் என்று போனில் சொன்னாள். ஜெபராஜ் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பையன். பாவம், நல்ல பையன். அந்த வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அவனுக்கு முடி கொட்டுகிறது.

ஜெபராஜ் கம்ப்யூட்டருக்குள் இரண்டு கணக்கு ஏற்படுத்தினான். ஒன்று சாதாரணக் கணக்கு, இன்னொன்று அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் யார் என்று சொரிமுத்து கேட்டான். ஜெபராஜ் புரிகிற மாதிரி சொல்ல நினைத்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

"வீட்டுக்குப் பெரியவர் மாதிரி அண்ணாச்சி. அவரு நினைச்சா என்ன வேணும்னாலும் செய்யலாம். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் அவரை எழுப்பக் கூடாது."

அவன் போனதும் மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் போனார்கள். பேச்சி மிக்சி போட்டால் கொம்பையா ஓடி வந்து நிறுத்தினான். மத்தியானம் மாவு மில்லும் நின்றது. மிளகாய் அரைக்க வந்த பெண்கள் கேட்டதற்கு, "உள்ளே பெரியவர் தூங்குறார்" என்றான் வெள்ளத்துரை. அவன் அப்பா செத்துப் பல வருஷம் ஆயிற்று. ஒரு கிழவி பயந்துபோய் மிளகாயை விட்டுவிட்டு ஓடியே போனாள்.

அடுத்தது பாஸ்வேர்டு. தங்கபுஷ்பம் அந்த வீட்டு நாயின் பேரை வைத்திருந்தாள். நாயின் பேர் மணி. வளர்க்கிற நாய் பேரை வைக்கவே கூடாது, அதைத்தான் திருடன் முதலில் போட்டுப் பார்ப்பான் என்று ஜெபராஜ் சொல்லியிருந்தான். மூவரும் உட்கார்ந்து பேசி, சொன்னபடியே செய்தார்கள். நாயைக் கொண்டுபோய்க் கொம்பையாவின் மாமனார் ஊரில் விட்டுவிட்டார்கள். இனி அது வளர்க்கிற நாய் இல்லை, பாஸ்வேர்டு அப்படியே இருக்கலாம்.

கொம்பையா பஸ் ஏறித் திரும்பி வருவதற்குள் நாய் வீட்டு வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மறுபடி கூடிப் பேசினார்கள். வெளியூரிலிருந்து வந்திருப்பதால் அது விருந்தாளி என்று முடிவாயிற்று. அன்று மணிக்கு வாழை இலையில் சாப்பாடு. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த வீட்டில் இலை போட்டது கிடையாது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஜெபராஜ் விஷயம் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டு வந்தான். நாயை விடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றான். வீட்டு ஆள் பேர் கூடாது, பிறந்த தேதி கூடாது, உங்கள் வாயிலிருந்து யாரும் கேட்டிருக்கவே கூடாத ஒரு சொல்லாக இருக்கட்டும் என்றான். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், அடிக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது, யாருக்காவது தெரிந்துவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"நம்ம வாயில வராத சொல்லு எது?" என்றான் சொரிமுத்து.

"தெரியலைங்கிற சொல்லு நம்ம வாயில வந்ததே இல்லைண்ணே" என்றான் கொம்பையா. இது ஒன்றுதான் அவன் வாழ்நாளில் சொன்ன உண்மை.

"இப்ப சொல்லிட்டியே" என்றான் வெள்ளத்துரை. அதோடு அந்தச் சொல் கெட்டுப்போயிற்று.

அப்புறம் வெள்ளத்துரை மெல்லச் சொன்னான். "மதினியோட அண்ணன் பேரு."

மற்ற இரண்டு பேரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். காது குத்தியதிலிருந்து அந்த வீட்டில் ஒரு ஈ காக்கா சொல்லாத பேர் அது ஒன்றுதான்.

இப்படித்தான் என் பேர் என்னிடமிருந்து போயிற்று. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

அதை அடித்து உள்ளே ஏற்றுவது தனிக் கூத்து. யாரும் பார்க்கக் கூடாது என்றால் அடிக்கிறவனும் அதில் சேர்த்திதானே. சொரிமுத்து கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு அடித்தான். கம்ப்யூட்டர் தப்பு என்றது. திரும்பத் திரும்ப அடித்தான். கடைசியில் அது கோபித்துக்கொண்டு பூட்டிக்கொண்டது. பெரியவர் முழித்துவிட்டார் என்று மூவரும் வெளியே ஓடிவந்து நின்றார்கள். பிறகு, ஒரு கண்ணால் பார்த்தால் பாதி பார்த்த மாதிரிதான், அது தப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. ஒற்றைக் கண்ணோடு அடித்தபோது திறந்தது.

அந்த வாரம் நான் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். கடைக்காரர் அட்டையைப் பார்த்து என் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார். எங்கிருந்தோ கொம்பையா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினான். அரிசி கொட்டியது. "ஊர் நடுவுல நின்னுக்கிட்டு இப்படியா கத்துவீங்க?" என்று அவரைக் கண் கலங்கக் கேட்டான். அன்று முதல் அந்தக் கடையில் என் பேர் "அடுத்த ஆளு." நான் முதல் ஆளாக நின்றாலும் அடுத்த ஆளுதான்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் வெள்ளை வேட்டி சட்டையில் என் வாசலுக்கு வந்தார்கள். சொரிமுத்து கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம். என் வீட்டுக்காரிக்குக் கை ஓடவில்லை. கடைசியில் புத்தி வந்து, தாய்மாமனைக் கல்யாணத்துக்கு அழைக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து நல்ல டம்ளரில் காபி போட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மன்னிப்பதா வேண்டாமா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"மச்சான், ஒரு உதவி கேட்டு வந்திருக்கோம்" என்றான் சொரிமுத்து. "நீங்க பேரை மாத்திக்கிடணும்."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

பேர் ரேஷன் கடையில் வெளியாகிவிட்டது, வெளியானால் மாற்றியே ஆகவேண்டும் என்று ஜெபராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான் என்று விளக்கினான்.

"அப்படின்னா உன் பாஸ்வேர்டை மாத்து மாப்பிள்ளை. என் பேரை எதுக்கு மாத்தணும்?"

"அது உங்க பேரு மச்சான். எங்க இஷ்டத்துக்கு மாத்த எங்களுக்கு என்ன உரிமை இருக்கு? அதான் மரியாதையா உங்களைக் கேட்க வந்தோம்."

வெள்ளத்துரை இடையில் புகுந்து, புதுப் பேர் வைக்கும்போது நடுவில் ஒரு எண்ணும் கடைசியில் ஒரு நட்சத்திரமும் இருந்தால் ரொம்பப் பலமாக இருக்கும் என்றான். ஜாதகத்தில் இல்லாத நட்சத்திரமாகப் பார்த்து வையுங்கள் என்று கொம்பையா சேர்த்தான்.

நான் மாட்டேன் என்றேன். வருத்தத்தோடு எழுந்தார்கள். போகும்போது சொரிமுத்து வாசற்படியில் நின்று, "சரி மச்சான், இருக்கிறதையாவது பத்திரமா வச்சுக்கோங்க. யார் கேட்டாலும் சொல்லிராதீங்க" என்றான். தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பழத்தோடு.

மறுநாள் சாயங்காலம் அம்மன் கோயிலுக்குப் போனால் முன்மண்டபம் இருட்டிக் கிடந்தது. நான் உபயமாகக் கொடுத்த டியூப் லைட்டில் என் பேர் பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பேர் தெரியாதபடி டியூப் முழுக்கக் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். சுவிட்சு போட்டுத்தான் இருந்தது. லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பூசாரி அம்மனுக்குச் சாத்த வேண்டிய பூவைத் தூணுக்குச் சாத்திவிட்டு வந்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்து வந்தது கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் தாய்மாமன் பேர் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தாய் வழி இல்லை என்று அர்த்தம். காது குத்தில் போன மானம் பத்திரிகையிலாவது திரும்பவேண்டும் என்று நான் பேச்சியிடம் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய், எங்கண்ணன் பேர் வராத பத்திரிகைக்கு நான் மஞ்சள் தடவ மாட்டேன், மணமேடையிலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்துவிட்டாள்.

பெண்ணைப் பெற்றவள் மணமேடையில் நிற்காவிட்டால் கல்யாணம் நிற்கும். பேரைப் போட்டால் பாஸ்வேர்டை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்த மாதிரி ஆகும். மூன்று பேரும் அன்று முழுக்கப் பட்டினி. யோசனை ஒரு காரணம், அடுப்பு இன்னொரு காரணம்.

சாயங்காலம் கொம்பையாவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. "அண்ணே, மச்சான் பேரை நாம அடிக்கையில கம்ப்யூட்டர் எப்படிக் காட்டுது?"

"கறுப்புக் கறுப்பாப் புள்ளி வருது."

"அவ்வளவு படிச்ச கம்ப்யூட்டரே மச்சான் பேரை அப்படித்தான் எழுதுது. நாம அதைவிடப் படிச்சவங்களா?"

சொரிமுத்துவின் முகம் மலர்ந்தது. வெள்ளத்துரை மட்டும் கையை உயர்த்தினான். எத்தனை புள்ளி என்று எண்ணிப் பார்த்தால் பேரில் எத்தனை எழுத்து என்று திருடனுக்குத் தெரிந்துபோகுமே என்றான். அவனுக்குத்தான் அந்த வீட்டில் கொஞ்சம் அறிவு அதிகம், அதனால் ஆபத்தும் அதிகம்.

"அப்ப ஒண்ணைக் குறைச்சிருவோம்" என்றான் சொரிமுத்து.

பத்திரிகை வந்தது. ரோஸ் நிறம், பிள்ளையார் படம், தங்க எழுத்து. 'தாய்மாமன்' என்று கொட்டையாகப் போட்டு, எதிரே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பேச்சி அதைப் பார்த்தாள். போடவில்லை என்று சொல்ல முடியாது. போட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பெண்ணின் முகத்துக்காக மஞ்சளைத் தடவினாள். புள்ளி ஒன்று குறைத்த கதையையும் என்னிடம் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். மைக் பிடித்தவன் வெளியூர்ப் பையன். பத்திரிகையைப் பார்த்து வாசித்தான். "இப்போது மணமகளின் தாய்மாமன், புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி..." அவன் முடிக்கிற வரைக்கும் மேளக்காரர் அடிக்காமல் காத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்திலிருந்த சொரிமுத்துவிடம், "உங்க மச்சானுக்கு இனிஷியல் கொஞ்சம் ஜாஸ்தி போல" என்றார். "ஆமா சம்பந்தி, பெரிய குடும்பம்" என்றான் சொரிமுத்து.

நான் மாலை போட்டபோது தங்கபுஷ்பம் குனிந்து, "மாமா" என்றாள். போட்டோக்காரர் அதைப் படம் எடுத்தார். அந்த வீட்டோடு நான் சேர்ந்து நிற்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதையும் கொண்டுபோய்ப் பெரியவர் கணக்கில் வைத்துப் பூட்டினார்கள்.

பெண்ணும், மஸ்கட்டில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையும் அங்கே போய்ச் சேர்ந்து, படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அன்று மூவரும் மறுபடி என் வாசலில் நின்றார்கள். தாம்பாளம் இல்லை. முகத்தில் களை இல்லை.

"மச்சான்" என்றான் சொரிமுத்து. "உங்க பேரு என்ன?"

விஷயம் இதுதான். யாரும் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, நினைக்கும்போதுகூட உதடு அசையக் கூடாது என்று காத்ததில் மூன்று பேருக்கும் அது மறந்துபோய்விட்டது. பேச்சியைக் கேட்டால் அண்ணன் என்கிறாள். ரேஷன் கடைக்காரர் அடுத்த ஆளு என்கிறார். டியூப் லைட்டில் டேப்பை உரித்தால் பெயின்டும் கூடவே வந்துவிட்டது. மற்றவர்களிடம் கேட்கலாம், ஆனால் பாஸ்வேர்டை வெளியாளிடம் கேட்பது பாதுகாப்பில்லை.

"என் புள்ளியைக் கொண்டா" என்றேன். "பத்திரிகையில ஒண்ணு குறைச்சியே, அதைக் கொண்டுவந்து வச்சிட்டுப் பேரைக் கேளு."

"அது கம்ப்யூட்டருக்குள்ள பத்திரமா இருக்கு மச்சான். நீங்க பேரைச் சொன்னாத்தான் எடுத்துத் தர முடியும்."

"புள்ளி வராமப் பேரு வராது. யார் கேட்டாலும் சொல்லாதேன்னு இதே படியில நின்னு நீதானே சொன்ன?"

சொரிமுத்து கெஞ்சினான். சொல்லவில்லை. வெள்ளத்துரை போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினான். சொல்லவில்லை. கொம்பையா படியில் உட்கார்ந்து அழுதே பார்த்தான். நான் வெற்றிலை போட்டுக்கொண்டேன். என் படமும் உள்ளேதான் கிடக்கிறது. கிடக்கட்டும்.

மெல்ல மெல்ல சொரிமுத்துவின் முகம் தெளிந்தது. தம்பிகளைப் பார்த்துத் திரும்பினான்.

"பார்த்தீங்களாடா? நாமளே வந்து கேட்டும் வெளிய வரலை. எப்பேர்ப்பட்ட இடத்துல வச்சிருக்கோம்."

மூன்று பேருக்கும் பெருமை தாங்கவில்லை. கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கிறது என்று ஜெபராஜிடம் சொல்ல அப்படியே டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

"புள்ளி?" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

சொரிமுத்து திரும்பி, உதட்டில் விரலை வைத்து, "பெரியவர் முழிச்சுக்கிடுவாரு மச்சான்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான். புள்ளி இன்னும் வரவில்லை.