மடைக்கல்லில் யார் கூவுவது?

ஆவாரங்குளத்துக் கோரைப் புதரில் கூவப்பன் என்று ஒரு கானாங்கோழி இருந்தது. முதுகு கறுப்பு, நெஞ்சு வெள்ளை, குரல் மட்டும் குளம் கொள்ளாது. "குவாக்!" என்று அது ஒரு சத்தம் போட்டால் எதிர்க்கரையில் அசை போடும் எருமைகூடக் காதை ஆட்டும்.

அந்தக் குரலுக்கு வருஷத்தில் ஒரு நாள் பெரிய மரியாதை. அதற்குக் கரை நாள் என்று பெயர்.

கூவப்பனின் பாட்டன் காலத்தில் பெருமழை பெய்து குளத்தின் கரை உடையப் பார்த்தது. குளத்து உயிர்கள் எல்லாம் திரண்டு, வாயிலும் அலகிலும் மண் சுமந்து வந்து போட்டு அதைக் காப்பாற்றின. அன்று, "கரை உடையப் போகுது, ஓடி வாங்க!" என்று முதலில் கூவி எல்லாரையும் எழுப்பியது அந்தப் பாட்டன்தான். அதனால் கரை நாள் விடியும்போது அந்த வீட்டு வாரிசு மடைக்கல்லில் ஏறி நின்று, "இது யாரு கரை?" என்று கூவ வேண்டும். "நம்ம கரை!" என்று குளமே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கொரு வாய் மண்ணைக் கரையில் வைத்துவிட்டு, எல்லோரும் கூடி அல்லிக்கிழங்கு தின்ன வேண்டும். இதுதான் வழக்கம்.

கூவப்பனுக்கு அந்த ஒரு நாள் போதும். மீதி வருஷம் முழுவதும் அதை நினைத்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்.

இப்படி இருக்கையில் குளத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். சாலை போடுவதற்காக ஆலமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று மைனாக்கள் வந்தன. பனந்தோப்பு மொட்டையாகிவிட்டது என்று தூக்கணாங்குருவிகள் வந்தன. "இடம் கிடக்குது, இருந்துட்டுப் போங்க" என்று குளத்துத் தலைவரான பெருவாயன் தவளை சொன்னது. அவையும் இருந்தன, கூடு கட்டின, குஞ்சு பொரித்தன.

முதல் கரை நாளில் அவை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன. அடுத்த கரை நாளில் மண் சுமந்தன. அதற்கடுத்த கரை நாளில்தான் வினை வந்தது!

அன்று கூவப்பன் மடைக்கல்லில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது யாரு கரை?" என்று கூவியது.

"நம்ம கரை! ட்ரீ ட்ரீ ட்ரீ!" என்று மைனாக்கள் கடைசியில் ஒரு சீழ்க்கையைச் சேர்த்துப் பதில் சொல்லின.

குளமே சிரித்தது. சிரித்தது மட்டுமா? "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கேட்டது. மறுபக்கம், தூக்கணாங்குருவிகள் பச்சைப் புல்லைக் கிழித்துப் பின்னிய தோரணத்தைக் கருவேலமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தன. காற்றடித்தால் அது குளத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஆடியது. எல்லோருடைய கண்ணும் அங்கேதான்.

"பெருவாயரே, நான் இன்னும் முடிக்கல!" என்றது கூவப்பன்.

"கொஞ்சம் பொறு கூவப்பா. இந்தத் தோரணத்தைப் பாத்துட்டு வந்துடறேன்!" என்று தவளை தாவிப் போய்விட்டது.

கூவப்பனின் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கூத்து. அதன் சொந்தக் குஞ்சுகள் வரிசையாக நின்று, "நம்ம கரை! ட்ரீ ட்ரீ ட்ரீ!" என்று கத்திக்கொண்டிருந்தன.

"வாயை மூடுங்க! அது நம்ம பாட்டா?"

"நல்லா இருக்குப்பா!" என்றன குஞ்சுகள்.

அது மட்டும் கூவப்பனால் தாங்கவே முடியவில்லை. அல்லிக்கிழங்கு இறங்கவில்லை. புரண்டு புரண்டு படுத்தது.

"என்னங்க இப்படி வயிறு எரியுறீங்க? யாரோ ரெண்டு பேர் பாடினா உங்க குரல் குறைஞ்சா போயிடும்?" என்று கேட்டது அதன் பெண்டாட்டி கோரையாள்.

"வயித்தெரிச்சலா? எனக்கா?" என்று கூவப்பன் எகிறியது. "இது குளத்து மேல உள்ள பற்றுடி! நம்ம வழக்கத்தை வந்தவன் போனவன் எல்லாம் மாத்துறான். நான் சும்மா இருந்தா என் பாட்டன் ஆவி என்னை மன்னிக்குமா?"

பற்று என்று சொன்னதும் கூவப்பனுக்கே அது பற்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பொறாமைக்கு நல்ல சட்டை போட்டுவிட்டால் பிறகு அதை யாராலும் அடையாளம் காண முடியாது, போட்டவராலும்தான்.

மறுநாளே வேலையைத் தொடங்கியது. முதலில் பெருவாயன் தவளையிடம் போனது.

"தலைவரே, முந்தியெல்லாம் மழைக்காலம்னா உங்க சத்தம்தான் குளம் முழுக்கக் கேக்கும். இப்ப மைனாச் சத்தத்துல நீங்க கத்துறதே தெரியலைன்னு நாலு பேர் பேசிக்கிறாங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் சொன்னேன்."

தவளையின் தொண்டை வீங்கியது. "யாரு அந்த நாலு பேரு?"

"அதை விடுங்க!"

அடுத்து ஆமையிடம் போனது. ஆமைக்கு ஓட்டுமுதுகன் என்று பெயர். "நீங்க வெயில் காயுற பாறை மேல தூக்கணாங்குருவி புல்லைக் கொட்டுதாமே!" என்றது. அதற்கடுத்து நெட்டைக்காலன் கொக்கு. "உங்க ஒத்தைக்கால் நிப்பைப் பாக்க இந்த வருஷம் ஒரு குஞ்சுகூட வரலையாமே!" என்றது. எந்த இடத்தில் சொறிந்தால் யாருக்கு அரிக்கும் என்பது கூவப்பனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அரிப்பு அதற்கும் இருந்ததே!

கருவேலமரத்தடியில் கூட்டம் கூடியது. கூவப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது.

"கரை நாள்ங்கிறது கூத்து இல்ல. நம்ம முன்னோருடைய நினைவு. அன்னைக்குக் கரையில மண்ணு போட்டவங்க வம்சம் மட்டும்தான் இனிமே கரை நாள் கொண்டாடணும். மத்தவங்க தாராளமா அவங்க நாளை எதிர்க்கரையில கொண்டாடட்டும். நான் யாரையும் வெறுக்கல!"

"சரிதான்! சரிதான்!" என்றன பழைய ஆட்கள்.

மைனாக்களில் மூத்தது மஞ்சமூக்கி. அது மெதுவாகக் கேட்டது: "எங்க நாள்னா எது கூவப்பண்ணே? எங்க ஆலமரத்தை வெட்டின நாளா?"

கூவப்பன் வேறு பக்கம் பார்த்தது.

"எங்க குஞ்சுங்களுக்கு இந்தக் கரையைத் தவிர எந்தக் கரையும் தெரியாதே!" என்றது மஞ்சமூக்கி. பிறகு மைனாக்களும் தூக்கணாங்குருவிகளும் எதிர்க்கரைக்குப் பறந்து போயின. தோரணத்தையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போயின. கூவப்பன் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டது.

கதை இதோடு முடிந்திருந்தால் கூவப்பன் பிழைத்திருக்கும். ஆனால் ஒரு தடவை வாசலில் நின்று ஆளைத் தள்ளிப் பழகியவர்களுக்குக் கை சும்மா இருக்குமா?

கொஞ்ச நாளில் தவளை கேட்டது: "அது சரி, கொக்கு வம்சம் அன்னைக்கு மண்ணு போட்டுதா? உழவு மாட்டுக்குப் பின்னால புழு பொறுக்கிக்கிட்டு வந்ததுன்னு இல்ல நான் கேள்விப்பட்டேன்!" தவளைக்குக் கொக்கைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எந்தத் தவளைக்குப் பிடிக்கும்?

கொக்குக்காகச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. கொக்கு வெளியே போனது. போகும்போது சும்மா போகவில்லை. "இந்த ஆமை மட்டும் என்னவாம்? கோயில் கிணறு வத்தினதும் நகர்ந்து நகர்ந்து வந்த கூட்டம்தானே!" என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆமையும் வெளியே போனது.

ஒவ்வொருவரும் போகப் போகக் கூவப்பனுக்கு உள்ளுக்குள் இனித்தது. கொக்கின் ஒற்றைக்கால் நிலையைப் பார்க்கப் போகிறவர்கள் இனிமேல் தன்னைப் பார்ப்பார்கள். ஆமையின் முதுகில் சறுக்கி விளையாடப் போகிற குஞ்சுகள் இனிமேல் தன் கூவலைக் கேட்கும். யார் பார்ப்பார்கள், யார் கேட்பார்கள் என்று மட்டும் அது யோசிக்கவில்லை. பார்க்கிறவர்களும் கேட்கிறவர்களும்தான் ஒவ்வொருவராக எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்களே!

ஆமை போகிற போக்கில் தவளையையும் இழுத்துவிட்டது. "மழைக்கு மழை எந்தக் குட்டையிலிருந்தும் தாவி வர்ற ஜாதி, இது நமக்குத் தலைவரா?" என்றது. தவளைக்குக் கண் சிவந்தது.

"நான் போறேன். ஆனா கூவப்பா, உன் பாட்டன் மட்டும் இந்தக் குளத்துக்காரன்னு எதை வச்சுச் சொல்றே?"

கூவப்பன் வாய்விட்டுச் சிரித்தது. "என்ன கேள்வி இது! முதல் கூவல் கூவினதே அவருதான். குளத்துக்கே தெரியும்!"

"கூவினது தெரியும். மண்ணு போட்டாரா? நீ போட்ட சட்டம் அதுதானே? சாட்சி சொல்ல யாரு இருக்கா?"

"அன்னைக்கு நேர்ல பாத்த கிழட்டு விரால் மடைக்கல்லுக்கு அடியில இருக்கு. கூப்பிடுங்க அதை! இப்பவே கேட்டுருவோம்!" என்று கூவப்பன் சவால் விட்டது. அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

விரால் மீன் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது. பார்வை மங்கிப் போயிருந்தாலும் நினைவு மங்கவில்லை.

"உன் பாட்டனா? நல்லா ஞாபகம் இருக்கு. அவன் இந்தக் குளத்துப் பறவை இல்லப்பா. வடக்கே இருந்த மேட்டுக்குளத்துக்காரன். அன்னைக்குப் பெஞ்ச மழையில முதல்ல உடைஞ்சது அந்தக் குளத்துக் கரைதான். கூடு போச்சு, முட்டை போச்சு. ஒரு வாழைத்தண்டைப் பிடிச்சுக்கிட்டு வெள்ளத்தோட இங்க வந்து ஒதுங்கினான். நடுங்கிக்கிட்டுக் கிடந்தவன் நம்ம கரையில ஒரு கீறலைப் பாத்தான். நாங்களும்தான் பாத்தோம். எங்களுக்கு அது வெறும் கீறல். கரை உடைஞ்சா என்ன ஆகும்னு அவனுக்குத்தான் தெரியும். அதனாலதான் அப்படிக் கத்தினான்!"

கூவப்பனின் அலகு திறந்தபடியே நின்றது.

"மண்ணு?" என்று தவளை கேட்டது.

"மண்ணு எங்கே போட்டான்? ரெக்கை ரெண்டும் துவண்டு கிடந்துச்சே. கூவினதோட சரி. குரல் போய் ஒரு மாசம் பேச்சே வரல."

"அப்படின்னா நீங்க மட்டும்தான் இந்தக் குளத்துக்காரரா, பெரியவரே?" என்றது தவளை.

"நானா?" என்று விரால் வாயைப் பிளந்தது. "வாய்க்கால் தண்ணி ஏறி வந்தவன்ப்பா நான்!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

தவளை ஒரே தாவாகத் தாவி எதிர்க்கரைக்குப் போனது. சட்டம் சட்டம்தான். கூவப்பனும் வெளியே.

கரை நாள் விடிந்தது. மடைக்கல்லின் மேல் யாரும் இல்லை. அதில் நிற்கத் தகுதியுள்ள ஒரு உயிரும் குளத்தில் மிச்சமில்லை. கருவேலமரத்துக் கிளை வெறுமையாகக் கிடந்தது.

எதிர்க்கரையிலோ கூட்டம் நெரிந்தது. கொக்கு, ஆமை, தவளை, மைனாக்கள், தூக்கணாங்குருவிகள், எல்லாம் அங்கேதான். கோரையாளும் குஞ்சுகளும்கூட விடியும் முன்பே அங்கே போய்விட்டன. கூவப்பன் மட்டும் கூட்டத்துக்குள் போகவில்லை. எந்த முகத்தோடு போகும்? அந்தக் கரையோரக் கோரைக்குள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது.

கருவேலங்கிளையில் ஆடிய தோரணம் இப்போது நாணல்களுக்கு நடுவே ஆடியது. அதைப் பார்த்ததும் கூவப்பனின் வயிறு பழைய வழக்கப்படி எரிந்தது. 'இப்போது மைனா கூவும். எல்லோரும் கைகொட்டுவார்கள். என் பாட்டன் பெயரும் போச்சு, என் பெயரும் போச்சு' என்று அது நினைத்தது.

மைனா கூவவில்லை. யாருமே கூவவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஏன் இன்னும் ஆரம்பிக்கல? நீயே கூவேன்!" என்றது ஒரு மைனாக் குஞ்சு.

"நான் எப்படிக் கூவுறது?" என்றது மஞ்சமூக்கி. "அது கூவப்பண்ணன் கூவ வேண்டியது. அவரு வரட்டும்."

"அவருதானே நம்மளை வெளிய அனுப்பினாரு?"

"ஆமாம். அதுக்காக அவரு இடத்துல நான் ஏறி நிக்கலாமா? இடம் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

எந்த மைனாவின் சீழ்க்கையைக் கேட்டுக் கூவப்பன் இத்தனை நாள் வெந்து செத்ததோ, அந்த மைனாவே அதன் இடத்தை அதற்காக விட்டுவைத்துக் காத்திருக்கிறது! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு பாட்டன் நினைவும் வந்தது. மடைக்கல்லில் நிமிர்ந்து நின்ற பாட்டனாக அல்ல, வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கிய ஒரு பறவையாக.

கோரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. யாரும் 'வா' என்று சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை.

கூவப்பன் அலகைத் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் வந்தது, உடைந்த குரல்.

"இது... இது யாரு கரை?"

அடுத்த நொடி எதிர்க்கரை அதிர்ந்தது.

"நம்ம கரை! ட்ரீ ட்ரீ ட்ரீ!"

கொக்கு கத்தியது, தவளை கத்தியது, கூவப்பனின் குஞ்சுகளும் கத்தின. எல்லாவற்றையும் தாண்டி அந்த மைனாக் குஞ்சின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. உண்மையைச் சொன்னால் அது கூவப்பனைவிட நன்றாகவே கூவியது. சுருக்கென்று ஒன்று கூவப்பனின் நெஞ்சில் தைத்தது. தைத்தால் தைக்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்தக் குஞ்சைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இன்னொரு தடவை கூவியது.

பொறாமையால் ஊருக்குள் கோடு கிழித்து, யார் முந்தி வந்தவர் யார் பிந்தி வந்தவர் என்று பிரிக்கத் தொடங்கினால், கடைசியில் கோட்டுக்கு வெளியே நிற்பது கிழித்தவரேதான்.