பாறையில் விழுந்த வழிகாட்டி

வசதி வந்தால் வீட்டுக்கும் சக்கரம் முளைக்கும். புதுக் கேரவனில் மலையேறிய கஜபதி, டிரைவர் இருதயராஜை அதட்டினார்.

"குறுக்கு வழியில போ. போன்ல ஆப் சொல்லுது!"

"அதுல பெரிய வண்டி மாட்டிக்கும்னு இந்த வழிகாட்டிப் புத்தகத்துல போட்டிருக்கு, ஐயா."

"காகிதக் குப்பை! எல்லாத்திலயும் என் போன்தான் உசத்தி. இல்லைன்னு இப்பவே நிரூபி. முடியலைன்னா இங்கேயே இறங்கிக்கோ."

நடுக்காட்டில் எங்கே இறங்குவது? இருதயராஜ் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டையும் ரோட்டோரம் இருக்கிற அந்தப் பாறையில வீசுவோம், ஐயா. அப்புறமும் எது வழி சொல்லுதோ, அதுபடி போவோம்."

சொன்ன கையோடு புத்தகத்தை வீசினான். கஜபதி போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உசத்தியாச்சே, வீசுங்களேன்!" என்று மனைவி விசாலம் பின்னாலிருந்து சிரித்தாள்.

கஜபதி தானே இறங்கிப்போய்ப் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி இருதயராஜிடம் நீட்டினார்.

"மாட்டாத வழியாப் பார்த்துப் போப்பா."