மயிலாத்தாள் கொண்டு வந்த குடம்

ஆற்றுக்காகச் சாயப்பட்டறைகள்மேல் வழக்குப் போட்டுத் தோற்றவர்கள், ஒரு சனி ஞாயிறு ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் கூடினார்கள். பல ஊர்க்காரர்கள். அடுத்து என்ன செய்வது என்று பேசத்தான் கூட்டம். சாயக்கழிவு கலந்த ஆற்றையும் கிணறுகளையும் நம்பி உலை வைக்க முடியாது. அதனால் டவுனிலிருந்து ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வரவழைத்துத் தோப்பு வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

தண்ணீருக்குப் பொறுப்பு தண்டபாணி. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். போராட்டத்தை முன்னின்று நடத்தும் வஞ்சிக்கொடி டீச்சர் எங்கோ பேசியதைக் கேட்டுவிட்டு, மறுநாளே வந்து சேர்ந்தவர். டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். இருந்தாலும் யார் கேட்டாலும், "அவங்கதானுங்க எனக்குக் குரு" என்பார்.

சனிக்கிழமை மத்தியானம், இடுப்பில் காலிக்குடத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். பார்த்ததும் தண்டபாணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மயிலாத்தாள். நிறம் மாறிய கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து முதன்முதலில் போராட்டக்காரர்களிடம் காட்டியவளே அவள்தான். ஆனால் கோர்ட்டில் கூண்டேறியதும், "எங்க கிணத்துத் தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வாட்ச்மேன் வேலை. அதோடு வழக்கு படுத்துவிட்டது.

"ஒரு கொடம் தண்ணி வேணுமுங்க. பஞ்சாயத்து மோட்டாரு ரிப்பேரு. புள்ளைக்குக் காச்சலுங்க."

"உங்க கிணத்துத் தண்ணிதான் நல்லா இருக்குதே? நீதானம்மா சொன்ன. அதையே குடு."

அவள் குடத்தை இறக்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

உள்ளே பேசிக்கொண்டிருந்த டீச்சர் எழுந்து வந்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. குடத்தை வாங்கிக் கழுவினார். டேங்கர் குழாயில் வைத்து நிறைத்துத் தன் இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

"ஐயோ, குடுங்க டீச்சர், நானே கொண்டு போறனுங்க."

"நீ முன்னால நட அம்மிணி, எனக்கு வழி தெரியாது" என்ற டீச்சர், தண்டபாணியைப் பார்த்தார். "அண்ணா, சமையல் பக்கம் இன்னொரு கொடம் கெடக்குது. அதையும் ரொப்பி எடுத்துட்டு வாங்க."

தோளில் குடத்தோடு தண்டபாணி பின்னால் நடந்தார். தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்தது. கோபம் மட்டும் தணியவில்லை. டீச்சர் சொல்லைத் தட்ட முடியாமல்தான் நடந்தார்.

ஒற்றை அறை ஓட்டு வீடு. கட்டிலில் சிறுமி சுருண்டு கிடந்தாள். மயிலாத்தாள் அவளை மெல்ல நிமிர்த்திச் சொம்பை வாயில் வைத்தாள். குழந்தை ஒரே மூச்சாகக் குடித்தது.

"அம்மா, இது இனிக்குது" என்றது.

தண்டபாணி குடத்துத் தண்ணீரை அங்கிருந்த தவலையில் சாய்த்தார். நிமிர்ந்தபோது, மயிலாத்தாள் கழுவிய டம்ளரில் தண்ணீர் மொண்டு அவர்முன் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கறீங்க. குடிங்கண்ணா."

அவர் வாங்கிக் குடித்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்கண்ணா."

"தெரியுமம்மா" என்றார். தன் குரல் இத்தனை தாழ்ந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது.

திரும்பி வரும்போது தண்டபாணி வாய்க்கால் மேட்டில் நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"பாத்தா பாவமாத்தான் இருக்குது. அதுக்காக அவ செஞ்சது சரின்னு ஆயிருங்களா?"

"ஆகாதுங்கண்ணா."

"நாம மேல்கோர்ட்டுக்குப் போறோம்னு வெச்சுக்குங்க. அங்கயும் வந்து அதையே சொன்னான்னா?"

"சொன்னாலும் சொல்லுவா."

"சொல்லிப்போட்டு, மறுபடியும் கொடத்தத் தூக்கிட்டு வந்து நிப்பாளே! அப்ப நான் என்னங்க பண்றது?"

டீச்சர் அவர் கையிலிருந்த காலிக்குடத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

"அப்பவும் தாகம் எடுக்குமுங்கண்ணா" என்றார்.