கொக்கு நின்ற இடமே விளிம்பு

ஆம்பல் ஏரிக்கு மேற்கே ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டில் கூரப்பர் என்ற முள்ளம்பன்றி ஆறு அறைகள் கொண்ட வளையில் குடியிருந்தார். குடும்பத்துக்கு ஆறு அறைகள் தாராளம். கூரப்பரின் பெருமைக்குத்தான் அவை போதவில்லை.

அவருடைய மகள் வேலம்மை தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். ஐப்பசியில் பிறக்கும் என்று கணக்கு. குழந்தையைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வருவார்கள். அவர்கள் வளையில் காற்றோட்டமான அறை ஒன்று இருக்கிறதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து கூரப்பருக்கு இரை இறங்கவில்லை. ஏரிப் பக்கமாக ஏழாவது அறை ஒன்றை இழுத்துக் கட்டுவது என்று முடிவு செய்தார். பேரப்பிள்ளைகள் அங்கேதான் பிறக்க வேண்டும், ஏரிக்காற்று வாங்க வேண்டும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

காட்டு மன்றத்தில் இதற்கு ஒரு விதி இருந்தது. ஏரியின் விளிம்பிலிருந்து முப்பது கோல் தூரத்துக்கு யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது. அடைமழையில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறி வந்து, நின்று, வடிகிற இடம் அது. ஆமை முட்டையிடுவதும் அங்கேதான். வளையை நீட்ட நினைப்பவர் மன்றத்து அளவரை அழைத்து வந்து காட்ட வேண்டும். அளவர் பார்த்ததைத் தேக்கிலையில் கீறி, அடியில் தன் நகக்குறியை வைக்க வேண்டும். நகக்குறி இல்லாமல் ஒரு பிடி மண் எடுக்க முடியாது.

அந்த ஆண்டு அளவராக வந்திருந்தது தித்தி என்ற இளம் ஆள்காட்டிக் குருவி. கட்டாந்தரையில் முட்டையிட்டு, யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுகிற குடும்பம் அவளுடையது. அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட அதுவரை மன்றத்து மரத்தடியில் உட்கார்ந்ததில்லை. மூன்று மழைக்காலம் அளவை படித்துத் தேறிய முதல் ஆள் தித்திதான். எங்கே தப்பு வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. எதையும் இரண்டு முறை அளப்பாள். வீடு திரும்பும் வழியில் மனதுக்குள் மூன்றாவது முறையும் அளப்பாள்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. விளிம்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே. பழைய அளவர்களுக்குச் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காது. அதனால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கொக்கு எப்போதும் தண்ணீர் ஓரத்தில்தானே நிற்கிறது? ஆகவே கொக்கு நின்ற இடமே விளிம்பு. கொக்கின் காலிலிருந்து கோலைப் போட்டால் வேலை முடிந்தது. இந்த வழக்கத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் காட்டில் மழைக்காலத்தில் யாரும் வளை நீட்ட விண்ணப்பித்ததே இல்லை. எல்லா விண்ணப்பமும் சித்திரையில்தான் வரும்.

கூரப்பரின் விண்ணப்பமும் சித்திரையில் வந்தது.

தித்தி நாணல் கோலை அலகில் கவ்விக்கொண்டு போனாள். ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் குட்டையில் நெடுங்காலர் என்ற கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாகக் கூரப்பர் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. தொண்டைவரை தின்றிருந்ததால் அசையக்கூட முடியவில்லை. அதைத் தவம் என்று சொல்லிக்கொண்டார்.

தித்தி அளந்தாள். கொக்கின் காலிலிருந்து புதிய அறையின் சுவர் வரவேண்டிய இடம்வரை நாற்பத்தொரு கோல். மறுபடி அளந்தாள். அதே நாற்பத்தொன்று.

கூரப்பர் தேக்கிலையை நீட்டினார். "அப்புறம் என்ன அம்மாடி? கீறிக் கொடு. வெயில் ஏறுகிறது."

தித்தி இலையை வாங்கினாள். கீறவில்லை. அவள் கண் தரையைப் பார்த்தது. சுவர் வரப்போகிற இடத்துக்கு மிகப் பக்கத்தில் நத்தை ஓடுகள் ஒரே வரிசையாக வெளுத்துக் கிடந்தன. அந்த வரிசையில் நின்ற கருவேல மரத்தின் அடியில் காய்ந்த பாசி சுற்றியிருந்தது. போன மழைக்குத் தண்ணீர் அதுவரை வந்து நின்றிருக்கிறது. தண்ணீர் நிற்கிற இடமென்றால் அங்கே கோரைப்புல் இருந்திருக்க வேண்டும். புல் இல்லை. புதிதாகப் பிடுங்கிய குழிகள்தான் வரிசையாக இருந்தன.

கோரை எங்கே போயிற்று என்று தித்தி மெதுவாகக் கேட்டாள். கோரைக்கிழங்கு குளிர்ச்சி, கர்ப்பிணி வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம் என்றார் கூரப்பர். ஒரு வாரத்தில் அத்தனை கோரையையும் அவர் ஒருவரே சாப்பிட்டிருந்தார். சாட்சியைத் தின்று செரித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

நத்தை ஓடுகளிலிருந்து தித்தி கோலைப் போட்டாள். எட்டுக் கோல்தான் வந்தது.

"ஐயா, விளிம்பு இங்கே இருக்கிறது," என்றாள்.

"நத்தையை வைத்தா அளப்பாய்? கொக்கை வைத்து அளப்பதுதான் முறை."

"விதியில் விளிம்பு என்றுதான் இருக்கிறது. கொக்கு என்று இல்லை." அவள் நெடுங்காலர் பக்கம் திரும்பினாள். "ஐப்பசியில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் அண்ணே?"

நெடுங்காலர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அது ஐப்பசியில் கேட்க வேண்டிய கேள்வி," என்று சொல்லி மறுபடி மூடிக்கொண்டார்.

தித்தி அன்று மாலைவரை உட்கார்ந்து இலையில் கீறினாள். அறை வரப்போவது ஏரியின் இடத்தில். தோண்டுகிற தரை நீர்மட்டத்துக்கும் கீழே போவதால் ஐப்பசியில் அது தண்ணீருக்கு அடியில் இருக்கும். அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்கக் கூடாது. மேட்டின் பின்பக்கம் மண் காய்ந்து கெட்டியாக இருக்கிறது, அங்கே தாராளமாகத் தோண்டலாம். இவ்வளவையும் கீறினாள்.

மன்றத் தலைவர் ஓர் எருமை. சேற்றில் கழுத்துவரை அமிழ்ந்தபடிதான் அவர் நியாயம் பேசுவார். இலையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பாதியில் தூங்கினார். எழுந்ததும் முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லச் சொன்னார். முடியாது என்றாள் தித்தி. அப்படியானால் முடியும் என்கிற இலையாகப் பார்த்துக் கொண்டு வாருங்கள் என்று கூரப்பரிடம் சொன்னார். அவருக்கு நியாயம் அவ்வளவு எளிதாக வந்தது.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆள்காட்டி ஆளைக் காட்டிக் கொடுக்காமல் வேறென்ன செய்யும் என்றது ஓர் அணில். கட்டாந்தரையில் பிறந்ததற்கு அறையின் சுகம் எப்படித் தெரியும் என்றது ஒரு கீரி. இரண்டும் கூரப்பர் வீட்டு விருந்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவை.

கூரப்பர் தித்தியைத் தனியே அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது. "நாற்பத்தொன்று என்று நீதானே அளந்தாய்? அதை மட்டும் கீறு. அது பொய்யா?"

தித்தி யோசித்தாள். எண் பொய்யில்லை. அவளே இரண்டு முறை அளந்த எண். அதைக் கீறினால் வேலை நிலைக்கும். அம்மாவும் அப்பாவும் ஏரி முழுக்கப் பறந்து பறந்து சொன்ன பெருமையும் நிலைக்கும். ஆனால் தண்ணீர் ஏறுகிற நாளில் அந்த அறையில் தப்பி ஓடத் தெரியாத குட்டிகள் கிடக்கும்.

"எண் மெய்தான் ஐயா. ஆரம்பித்த இடம் பொய்," என்றாள். நகக்குறி வைக்கவில்லை.

மறுநாளே அவள் வேலை போயிற்று. நெடுங்காலர் அளவர் ஆனார். தான் நின்ற இடத்திலிருந்து தானே அளந்தார். தன் அளவு சரி என்று தானே நகக்குறி வைத்தார். இவ்வளவு ஒழுங்கான வேலையைக் கண்டதே இல்லை என்று மன்றம் வியந்தது. ஏழாவது அறை எழுந்தது.

ஆவணியில் வேலம்மை தாய்வீடு வந்தாள். தித்தி அவளை ஒரு பகலில் தேடிப் போனாள். பழிவாங்க வந்ததாக நினைப்பாளோ என்று வாசலில் வெகுநேரம் தயங்கினாள். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

வேலம்மை கோபப்படவில்லை. "அப்பாவிடம் பேசிப் பயனில்லை. நீ எனக்கு அந்த இடத்தைக் காட்டு," என்றாள்.

நிறைவயிற்றோடு மெல்ல நடந்து வந்து, நத்தை ஓடுகளையும் மரத்தில் சுற்றிய பாசியையும் தன் கண்ணால் பார்த்தாள். தித்தியின் கோலை வாங்கித் தானே எட்டுக் கோலும் எண்ணினாள். வீட்டுக்குப் போனவள், எனக்குப் பழைய இருட்டறைதான் கதகதப்பு என்று ஒரே பிடியாகப் பிடித்தாள். மூன்று குட்டிகளும் ஐப்பசி முதல் வாரம் அங்கேயே பிறந்தன.

கூரப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. மகள் மறுத்த அறையில் தானே குடியேறினார். அடைமழையில் ஒரு பகல். சம்பந்திகள் வந்திருந்தார்கள். விருந்து முடிந்ததும் அவர்களைப் புதிய அறையில் உட்கார வைத்து, காற்று எப்படி என்று கேட்டார். குளிர்கிறதே என்றார் சம்பந்தி. அதுதான் ஏரிக்காற்று என்றார் கூரப்பர். கால் நனைகிறதே என்றாள் சம்பந்தியம்மாள். யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று வேலைக்கார எலியைத் திட்டினார் கூரப்பர்.

அவர் திட்டி முடிப்பதற்குள் சுவர் விழுந்தது.

எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வந்த கோலத்தைத்தான் சொல்ல முடியாது. முதுகு முள் ஒவ்வொன்றிலும் ஆம்பல் பூவும் பாசியும் குத்தியிருக்க, சம்பந்திகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடையைக் கட்டினார்கள். மேலே பழைய அறையில் மூன்று குட்டிகளும் உலர்ந்த புல்லில் தூங்கிக்கொண்டிருந்தன.

அதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். கூரப்பர் நேராக மன்றத்துக்குப் போனார். ஏரி தன் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்துவிட்டது என்று புகார் கொடுத்தார். மன்றம் கூடிப் பேசி, ஏரிமேல் நடவடிக்கை எடுப்பதாகத் தீர்மானித்தது. ஏரி எத்தனை கோல் ஆக்கிரமித்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே? நெடுங்காலரைத் தேடினார்கள். தண்ணீர் ஆழம் என்று அவர் ஒரு மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தார். இறங்க மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தித்திக்கு ஆள் அனுப்பினார்கள்.

தித்தி வந்தாள். மழையில் நனைந்தபடி இரண்டு முறை அளந்தாள். இம்முறை இலையில் இரண்டே வரி கீறினாள்: "ஏரி தன் இடத்தில் இருக்கிறது. கூரப்பரின் அறைதான் ஏரிக்கு விட்ட முப்பது கோலுக்குள் இருபத்திரண்டு கோல் வந்திருக்கிறது." அடியில் நகக்குறியை அழுத்தி வைத்தாள்.

எருமைத் தலைவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு வேறு அளவர் யாராவது கிடைப்பாரா என்று பார்க்கச் சொல்லிவிட்டுச் சேற்றில் அமிழ்ந்தார்.

தமக்குப் பிடித்த அளவு வரும்வரை அளப்பவரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு, கடைசியில் சரியான அளவைத் தண்ணீரே வீட்டுக்குள் வந்து சொல்லும்.