நாற்பத்தோராவது நோட்டீஸ்

அணைத் திட்ட அதிகாரி சடகோபனுக்குத் தான் எழுதிய புரோகிராம் என்றால் சாமி வாக்கு. பழைய பட்டாவின் வரைபடமும் புது சர்வேயின் வரைபடமும் ஒன்றுதானா என்று அது பார்க்கும். ஒன்று என்றால் மூழ்கும் நிலத்துக்கு மாற்று நிலம் கிடைக்கும். நாற்பது பேரை அது "பொருந்தவில்லை" என்று தள்ளிவிட்டது.

அலுவலகத்தின் தற்காலிக ஊழியர் செங்கமலம் கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "பழைய சர்வேயர் ஈசானிய மூலையில ஆரம்பிச்சு அளந்திருக்காங்க சார். இப்ப தென்மேற்குல ஆரம்பிக்கிறாங்க. நிலம் ஒண்ணுதான். முதல் புள்ளி வேறங்கிறதால புரோகிராம் வேற நிலம்னு சொல்லுது."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. மாற்று நிலம் கிடையாதுன்னு சாயங்காலத்துக்குள்ள நாற்பது பேருக்கும் நோட்டீஸ் வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

சாயங்காலம் நாற்பத்தொன்று வந்தது. கடைசி நோட்டீஸைப் படித்த சடகோபன் எகிறிக் குதித்தார். "இது என் வீட்டு மனை! என் வீடு எனக்கில்லையா?"

"மெஷின் பொய் சொல்லாது சார். உங்க மனையை வேற மூலையிலிருந்து எண்ணச் சொன்னேன், அவ்வளவுதான்."

குமாஸ்தாக்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். புரோகிராமைத் திருத்த ஒரு வாரம் ஆனது. நாற்பதும் பொருந்தின.

செய்தி சொல்ல செங்கமலமே ஊருக்குப் போனாள். அதற்குள் அணையின் ஷட்டரை இறக்கியிருந்தார்கள்; நிலமெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. கரையில் அந்த நாற்பது பேரில் ஒருவரான விவசாயி பேச்சிமுத்து நின்றிருந்தார்.

"ஐயா, அது உங்க நிலம்தான்னு கம்ப்யூட்டரே ஒத்துக்கிருச்சு."

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எந்த மூலையில கெடக்குன்னு சொல்லுச்சா தாயி?"