அப்பாவுக்குப் பேர் இல்லை

"இங்க இருக்கிற நாய்க்குக்கூட என் மக ஒரு பேரு வச்சிருக்கா. எனக்கு இல்ல" என்றார் மாசிலாமணி.

இசக்கியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள்.

"பெத்த தகப்பன் நான்."

"ஆமா."

"கூப்பிடாததோட விட்டாளா? கிட்ட போனா கையைக் கடிக்க வருதா!"

இசக்கியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. மறுபடி கீரைக்கே போய்விட்டாள்.

*

மாசிலாமணி ஊரூராகப் போய்க் கதாகாலட்சேபம் செய்பவர். அவர் குரலெடுத்தால் மூன்று தெரு தள்ளித் தூங்கும் குழந்தை எழுந்து உட்காரும். மீசையும் குரலுக்கு ஏற்ற மீசை. தினமும் எண்ணெய் பூசி முறுக்கிவிடுவார்.

அவருக்கு ஒரே மகள். பிறந்தபோது அவள் அழுத அழகில் மயங்கி, குழல்வாய்மொழி என்று அம்மன் பேரை வைத்தார். ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் கண்ணையும் காதையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. தாய் இல்லாத பிள்ளை. அத்தை சோறு ஊட்டினாள். மற்றபடி பத்து வயதுவரை ஒரு மூலையில் கிடந்தாள். அப்பா பேசப் போயிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்புதான் அவளை இந்த ஆற்றங்கரைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு இந்தத் திங்கட்கிழமைதான் பார்க்க வந்திருந்தார்.

ஓலைக்கூரை, கண்ணும் காதும் இல்லாத ஏழு பிள்ளைகள், சமையலுக்குப் பேச்சித்தாய், ஒரு நாய். ஆசிரியை இசக்கியம்மாள் ஒருத்திதான். மாசிலாமணியை விட இருபது வயது சின்னவள். வந்த அன்று, "இந்தச் சின்னப்பிள்ளையா சொல்லித் தரப் போவுது?" என்று அவர் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

குழலிக்கு முதல் வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க நாற்பது நாள் ஆனது. இசக்கியம்மாள் தோசையில் ஒரு விள்ளல் ஊட்டுவாள். பிறகு ஐந்து விரலையும் குவித்துக் குழலியின் உள்ளங்கையில் தட்டுவாள். அதன் அர்த்தம், 'இன்னும்'. தட்டிவிட்டு அடுத்த விள்ளல். குழலி தட்டைக் கவிழ்த்தாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், சட்னியை எறிந்தாள். இசக்கியம்மாள் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள்.

நாற்பத்தோராம் நாள் குழலி தானே விரலைக் குவித்தாள். ஆசிரியையின் கையைத் தேடிப் பிடித்துத் தட்டினாள்.

பேச்சித்தாய் அன்று மாவு தீருகிறவரை தோசை சுட்டாள். இசக்கியம்மாள் அழுதுகொண்டே ஊட்டினாள். குழலி தட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் வார்த்தைகள் தாமாக வந்தன. பேர்களும் வந்தன. இசக்கியம்மாள் என்றால் வளையலில் இரண்டு தட்டு. பேச்சித்தாய் என்றால் உள்ளங்கையில் தோசை வார்க்கிற மாதிரி ஒரு வட்டம். நாய் என்றால் ஈரவிரலால் ஒரு தடவல்.

பேர் விஷயத்தில் அந்தப் பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் பேரைக் கேட்டு வாங்கக் கூடாது. வைத்த பிள்ளைதான் சொல்ல வேண்டும். இன்னொருவர் குறுக்கே புகுந்து சொல்லிக்கொடுப்பதும் ஆகாது.

மாசிலாமணி இதையெல்லாம் எங்கே கேட்டார்? தமக்கு மீசைதான் பேர் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

*

"வெள்ளிக்கிழமை காலையில வண்டி வருது" என்றார். "அதுக்குள்ள என்னைக் கூப்பிடலன்னா மகளைக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். தகப்பனைத் தெரியாத படிப்பு எதுக்கு?"

பேச்சித்தாயின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

இசக்கியம்மாள் கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தாள்.

"சரி அய்யா. அவகிட்ட எப்படிக் கேக்கிய? செஞ்சு காட்டுங்க."

பூவரச மரத்தடியில் குழலி புளியங்கொட்டைகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி நேராகப் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். இழுத்துத் தம் மீசைமேல் வைத்துத் தேய்த்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

குழலி நெளிந்தாள். ஒரு கையை உருவிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வாயருகே கொண்டுபோனாள்.

மாசிலாமணி துள்ளிப் பின்வாங்கினார்.

"பாத்தியளா! பாத்தியளா!"

இசக்கியம்மாள் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாசிலாமணியின் தாடையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"பேசுங்க அய்யா."

"ம்ம்?"

"கதை சொல்லுங்க."

"ம்ம்! ம்ம்ம்!"

"நல்லாச் சொல்லுங்க. ஒண்ணும் புரியல." தாடையை மேலும் கீழும் அவளே ஆட்டினாள்.

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். ஊரெல்லாம் மாலை வாங்கிய கழுத்து அங்குமிங்கும் ஆடியது.

கையை எடுத்ததும் அவர் வெடித்தார். "என்ன அக்கிரமம் இது! வாயைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுன்னா எப்படிப் பேச?"

இசக்கியம்மாள் குழலியின் கையைப் பார்த்தாள்.

மாசிலாமணியும் பார்த்தார். அவர் பிடித்திருந்த இடம் சிவந்திருந்தது.

வெகுநேரம் அவர் பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

*

"அப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

"உங்க கையை அவ கைக்குக் கீழ வையுங்க. விரிச்சு வையுங்க."

"அப்புறம்?"

"சும்மா இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க ஒரு கதை சொன்னா எத்தனை நாள் ஆகும்?"

"ஒம்பது நாள்."

"கேக்கிற சனங்க அதுவரைக்கும் என்ன செய்வாவ?"

"சும்மா உக்காந்து..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

*

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனது. மீசை தொங்கிவிட்டது. குழலி விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து ஒரு புளியங்கொட்டையை வைத்தாள்.

"கொட்டை குடுத்தா!" என்று அவர் போட்ட கூச்சலில் நாய் குரைத்தது.

புதன்கிழமை பத்துக் கொட்டை வந்தது. பிறகு குழலி விரலைக் குவித்து அவர் உள்ளங்கையில் தட்டினாள். அவர் விழித்தார்.

"'இன்னும்'னு கேக்கா" என்றாள் இசக்கியம்மாள்.

ஐம்பது வயது மனிதர் புளியமரத்தடிக்கு ஓடினார். வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார். மறுபடி தட்டினாள். மறுபடி ஓடினார்.

வியாழக்கிழமை உள்ளங்கையில் சுருண்ட உருண்டை ஒன்று வந்து உட்கார்ந்தது. கொட்டைதான் என்று நினைத்தார். அதற்குக் கால்கள் முளைத்தன. மரவட்டை.

அவர் அலறியதில் அக்கரையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை நடுங்கிய நடுக்கம் குழலியின் கைக்குப் போயிற்று. அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

காய்ச்சலுக்குப் பிறகு மகள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. எந்தக் கதைக்கும் இப்படி ஒரு சிரிப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. கண் கலங்கியது. மரவட்டையைத் தேடி எடுத்து, பயத்தோடேயே, திருப்பி அவள் கையில் வைத்தார். அவள் இன்னும் சிரித்தாள்.

ஆனால் பேர் வரவில்லை. பொழுது சாய்ந்தது.

"நாளைக்கு வண்டி வந்துருமே அம்மா" என்றார். அந்தக் குரலில் மிரட்டல் போயிருந்தது.

"வரட்டும்" என்றாள் இசக்கியம்மாள். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலையில் மரத்தடியில் குழலிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, அவள் கைகளுக்குக் கீழே வைத்தார்.

குழலியின் விரல்கள் உள்ளங்கையில் நடந்தன. அங்கே நிற்காமல் மணிக்கட்டுக்கு ஏறின. அங்கே ஒரு பழைய தழும்பு. அதைத் தடவினாள். கையைத் தூக்கி வாயருகே கொண்டுபோனாள்.

மாசிலாமணியின் உடம்பு தூக்கிப்போட்டது. இழுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பற்கள் தழும்பின்மேல் பட்டன. அப்படியே இருந்தன. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அம்மா... கடிக்கல."

"ஆமா."

"பல்லு படுது. அவ்வளவுதான்."

"அந்தத் தழும்பு எப்ப வந்தது அய்யா?"

"இங்க கொண்டுவந்து விட்ட அன்னைக்கு. கடிச்சுட்டா. கோவம்னு நெனச்சேன். உதறிட்டுப் போயிட்டேன்."

"அன்னைக்கு அவ ஒரு கையை நான் பிடிச்சிருந்தேன். மத்த கையைப் பேச்சித்தாய் பிடிச்சிருந்தா" என்றாள் இசக்கியம்மாள். "உங்களைப் பிடிச்சுக்கிட அவகிட்ட வேற என்ன இருந்துச்சு?"

மாசிலாமணி கையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினார்.

இசக்கியம்மாள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். "ஆறு மாசமா தினம் காலையில இந்த இடத்துல பல்லை வச்சுக் கேப்பா. இன்னைக்கு அப்பா வருவாரான்னு."

வெளியே மாட்டுச் சலங்கை கேட்டது. வண்டி வந்து நின்றது.

"அய்யா! பொறப்படுவமா?"

வண்டிக்காரர் மறுபடி குரல் கொடுத்தார்.

"அய்யா! மகளும் வருதாளா?"

மாசிலாமணி விரலைக் குவித்தார். மகளின் உள்ளங்கையில் தட்டினார்.

இன்னும்.

அவள் தழும்பில் பல்லை வைத்தாள்.

இன்னும்.

"அய்யோவ்! காது கேக்கலையா?"

பேச்சித்தாய் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தாள்.

"சத்தம் போடாதிய அண்ணாச்சி. அய்யா பேசிக்கிட்டு இருக்காவ."