உறை போட்ட கை

கோயம்புத்தூர் வடவள்ளியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவள் பெயர் பெனிட்டா. முப்பது வயதுதான் இருக்கும். அவளிடம் தொழில் படிக்க வந்து சேர்ந்த குழந்தைவேலுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

குழந்தைவேல் வாலிப வயதிலிருந்து மனிதர்களுக்கு முடி வெட்டியவர். சாலையை அகலப்படுத்தியபோது அவருடைய சலூன் இடிபட்டது. வேறு இடம் பார்த்து மறுபடி கண்ணாடி மாட்ட மனம் வரவில்லை. நாய்கள் மேல் அவருக்கு எப்போதுமே பிரியம். அவளை ஒருநாள் வேலையில் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மிணி" என்று கேட்டார். அவளும் சரி என்றாள்.

வேலை சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. ஒன்றுதான் உறுத்தியது. பெனிட்டா கையுறை போடாமல் எந்த நாயையும் தொடமாட்டாள். குளிப்பாட்ட மெல்லிய ரப்பர் உறை. முரண்டு பிடிக்கும் நாயைப் பிடிக்க, முழங்கை வரைக்கும் வரும் தடித்த தோல் உறை. அவருக்கும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தாள்.

அதைப் போடும்போதெல்லாம் அவருக்கு ஒரு கை ஞாபகம் வரும். சின்னப் பையனாக அப்பாவோடு ஊர்ப் பெரிய வீடுகளுக்குப் போவார். அப்பா முடி வெட்டி முடித்ததும், அவர் தொட்ட நாற்காலியை அந்த வீட்டு அம்மாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போய் வெயிலில் வைப்பாள். அப்பா அதைப் பார்க்காத மாதிரி கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பெனிட்டாவிடம் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நாயத் தொட உங்களுக்கு அருவருப்புங்களா?"

பெனிட்டா குனிந்தாள். தொட்டியில் நின்றிருந்த கிழட்டு நாயின் ஈர நெற்றியில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். அது அவள் காதை நக்கியது.

"மூஞ்சிய வெச்சுக் கொஞ்சறீங்க. அப்புறம் கைக்கு மட்டும் என்னத்துக்கு உறை?"

"மூஞ்சி வேலை செய்யறதில்லீங்களே அண்ணா," என்றாள். "கைதான் வலிக்க வைக்குது."

அவருக்குப் பிடிபடவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் பூந்தி வந்தது. வெள்ளை நிறப் பொமரேனியன். நவநீதன் என்பவரும் அவர் மனைவி ஷர்மிளாவும் கூட்டி வந்தார்கள். நவநீதனின் தோளில் ஒரு வயதுப் பெண் குழந்தை. பூந்தியின் காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்துக் கட்டிதட்டிப் போயிருந்தது.

பெனிட்டாவின் கையில் வேறொரு நாய் இருந்தது. "தோல் உறையப் போட்டுட்டுப் புடிங்கண்ணா," என்றாள்.

போட்டுக்கொண்டார். உறைக்குள் விரல்கள் மரத்துக் கிடந்தன. முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. கத்தரி தோலில் பட்டுவிட்டால்? இத்தனை வருஷத்தில் ஒரு தலையிலும் அவர் ரத்தம் பார்த்ததில்லை. உறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் சிக்குக்கு அடியில் தடவினார்.

அடியில் புண் இருந்தது. விரல் நேராக அதில் போய் அழுந்தியது.

பூந்தி குரைக்கவில்லை. திரும்பியது, கடித்தது. உடனே வாயை எடுத்துவிட்டு மேசையின் மூலைக்குப் போய் ஒடுங்கி நடுங்கியது.

ரத்தம் தரையில் சொட்டியது. குழந்தை வீரிட்டு அழுதது. நவநீதன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் குழந்தைவேல். "கத்தரி பட்டுருச்சு."

பெனிட்டா அவர் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். கழுவிக்கொண்டே நவநீதனிடம் சொன்னாள்:

"கடிதாங்க. காதுக்குப் பின்னாடி புண்ணு இருக்குது. வலியில கடிச்சிருக்குது."

குழந்தைவேல் குரலைத் தாழ்த்தினார். "ஏன் அம்மிணி சொன்னீங்க?"

"நாய்க்கடி ஊசி போட்டாகோணும். ஆஸ்பத்திரியில போய்க் கத்தரின்னு சொல்லுவீங்களா? நாயையும் பத்து நாள் கவனிச்சுப் பாக்கோணும். அவங்களுக்குத் தெரியாம எப்படிங்கண்ணா?"

அவளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வழியில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பூந்திக்கு நோய் ஒன்றும் இல்லை. காதுப் புண்ணும் ஆறியது. ஆனால் பத்து நாள் கெடு முடிந்ததும் அதை நெகமம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பெனிட்டாவுக்குச் செய்தி வந்தது. குழந்தைவேல் கையில் போட்ட கட்டோடு நவநீதன் வீட்டுக்குப் போனார்.

உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

"தப்பு என் மேலதானுங்க," என்றார் அவர். "புண்ணுல விரல வெச்சு அழுத்திட்டேன். அது பாவம், என்ன பண்ணும்?"

"தெரியுதுங்க ஐயா. உங்க மேலயும் கோபமில்லை, பூந்தி மேலயும் இல்லை." நவநீதன் குழந்தையைப் பார்த்தார். "பாப்பா தினமும் அது காதப் புடிச்சுத்தான் எந்திரிச்சு நிப்பா. இத்தனை நாளா நான் அதச் சிரிச்சிட்டே பாத்துட்டிருந்தேன். இனி முடியாதுங்க. அந்த ரத்தத்த என் கண்ணால பாத்துட்டேன்."

குழந்தைவேல் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பெண் பிள்ளையைப் பெற்றவர்தான் அவரும்.

கிளம்பும்போது ஷர்மிளா வாசல் வரைக்கும் வந்தாள். "கல்யாணமாகி வரும்போது எங்கூட வந்ததுங்க பூந்தி," என்றாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே குழந்தைவேல் நெகமத்துக்குப் பஸ் ஏறினார். தோப்பில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பூந்தியைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். வெள்ளை முடி முழுக்கப் புழுதி. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து, நீளமான கழியால் அதை நாயின் பக்கம் தள்ளினார்.

"கிட்டப் போகாதீங்க. கடிக்கிற நாய்," என்றார்.

"உங்களைக் கடிச்சுதுங்களா?"

"இல்லீங்க. அப்படிச் சொல்லித்தான் கொண்டாந்து விட்டாங்க. இங்க யாரும் தொடறதில்லை."

குழந்தைவேல் கிட்டப் போய் உட்கார்ந்தார். பூந்தி அவர் கையை முகர்ந்தது. கட்டுப் போட்ட இடத்தை நக்கியது. அதன் தலையில் கை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். அவர் குடியிருந்தது மாடியில் ஓர் ஒற்றை அறை. வீட்டுக்காரர் நாய் வளர்க்க விடமாட்டார். தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்கலாம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். கேட்டால் எல்லோரும் முதலில் என்ன கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபோது பெனிட்டா தோல் உறை போட்டு ஒரு பெரிய அல்சேஷனுக்குச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நாயின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. குழந்தைவேல் தோப்பில் பார்த்ததைச் சொன்னார். கழியைப் பற்றி இரண்டு தடவை சொன்னார்.

"அன்னிக்கே கேட்டேனே அம்மிணி. வெவரமாச் சொல்லியிருக்கலாமே."

அவள் சீப்பை வைத்துவிட்டு நாயைத் தட்டிக்கொடுத்தாள். மேசையிலிருந்து இறக்கி வாசலுக்குக் கூட்டிப் போனாள். அங்கே நாயின் சொந்தக்காரர் காத்திருந்தார். அது அவர் மேல் தாவியது. அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பேரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"எங்க சீசர் பரம சாதும்மா," என்றார் அவர். "இது வரைக்கும் யாரையும் கடிச்சதில்லை."

"ஆமாங்க சார்," என்றாள் பெனிட்டா.

கார் போய்விட்டது. பெனிட்டா உள்ளே வந்து தோல் உறையைக் கழற்றினாள். அதைக் குழந்தைவேலின் கையில் கொடுத்தாள்.

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே புதிதாக இரண்டு குழி. எச்சில்கூடக் காயவில்லை. அதற்குப் பக்கத்தில் பழைய குழிகள். திருப்பினால் மணிக்கட்டிலும் அதே. முழங்கை வரைக்கும் தோல் கொத்திவிட்ட அம்மி மாதிரி இருந்தது.

"இது சீசருங்களா?"

"இப்பத்தான். நீங்க பேசிட்டிருக்கும்போது."

குழந்தைவேல் அந்த ஈரக் குழியில் விரலை வைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் அம்மிணி அவருகிட்டப் பொய் சொன்னீங்க?"

"நான் என்னங்கண்ணா பொய் சொன்னேன்?" என்றாள் பெனிட்டா. "அது யாரக் கடிச்சுது?"